பாலைவனத்தில் மழை கூடினாலும் கிணறு ஏன் வற்றுகிறது?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் உபன்யாசம் நடக்கும். இன்று ஒரு மாறுதலுக்கு, ஜெய்ப்பூரில் குடியிருக்கும் நம் எல்லோருடைய காலுக்கு அடியிலும் நடந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். நான் நீரியல் நிபுணன் அல்ல. பௌதிகத்தில் பட்டம் வாங்கி, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கையும் அறிக்கையையும் படித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

பூமி சூடாகிறது, அதனால் மழை குறைகிறது, அதனால் கிணறு வற்றுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ராஜஸ்தானுக்கு இது பொருந்தவில்லை. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1951 முதல் 2015 வரை பருவமழை சுமார் 6 சதவிகிதம் குறைந்தது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. மேற்கே வறண்ட பகுதியில் நிலைமை வேறு. பருவமழை மேற்கு நோக்கி விரிகிறது, தார் பாலைவனப் பகுதியில் மழை கூடிவருகிறது, இனியும் கூடும் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. அப்படியானால் இங்கே கிணறுகள் நிரம்ப வேண்டும் அல்லவா? நிரம்பவில்லை. ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நிலத்தடி நீர் என்பது என்ன? பூமிக்கு அடியில் ஏதோ ஓர் ஏரியோ ஆறோ ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மணலின் இடுக்குகளிலும் பாறையின் வெடிப்புகளிலும் ஊறி நிற்கிற தண்ணீர் அது. பெய்கிற மழையில் சிறு பங்குதான் அங்கே போய்ச் சேரும். கங்கைச் சமவெளி மாதிரியான வண்டல் மண்ணில் நூற்றுக்குச் சுமார் 22 பங்கு இறங்கும் என்றும், வெடிப்பில்லாத இறுகிய பாறையில் ஒரே ஒரு பங்குதான் இறங்கும் என்றும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தார் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மழை என்பது மாத வருமானம். அணையும் ஏரியும் சேமிப்புக் கணக்கு. அதிலிருந்து வெயில் தினமும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். நிலத்தடி நீர் முன்னோர் போட்டுவைத்த வைப்பு நிதி. வெயில் அதை எளிதில் தொடாது. பஞ்ச காலத்தில் கைகொடுப்பது அதுதான். ஒரு வருஷம் மழை பொய்த்தாலும் அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்க வைப்பது அதுதான்.

இந்த வைப்பு நிதியின் இன்றைய நிலை என்ன? 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஒரு வருஷத்தில் எடுக்கத் தகுந்த நீரில் சுமார் 60 சதவிகிதம் எடுக்கிறோம். பரவாயில்லையே என்று தோன்றும். ராஜஸ்தானில் மட்டும் இது சுமார் 150 சதவிகிதம். அதாவது 100 ரூபாய் வட்டி வருகிற இடத்தில் 150 ரூபாய் செலவழிக்கிறோம். மிச்சம் 50 ரூபாய் முதலிலிருந்து போகிறது. மாநிலத்தின் 302 வட்டாரங்களில் 214 வட்டாரங்கள் மிகையாக உறிஞ்சப்பட்டவை. ஜெய்ப்பூர் மாவட்டத்தின் வட்டாரங்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

இதை வானத்திலிருந்தும் அளந்திருக்கிறார்கள். பௌதிகம் படித்தவனுக்கு இது மிகவும் ரசமான விஷயம், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். 2002-இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து கிரேஸ் என்ற பெயரில் இரண்டு செயற்கைக்கோள்களை அனுப்பின. ஒன்றன் பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் அவை பூமியைச் சுற்றின. கீழே எடை கூடின இடம் வந்தால் முன்னால் போகிற கோள் சற்று இழுக்கப்படும், இடைவெளி மாறும். தலைமுடியின் தடிமனை விடச் சிறிய அந்த மாற்றத்தை அளந்து, கீழே எவ்வளவு நீர் கூடியது, குறைந்தது என்று கணித்தார்கள். 2002 முதல் 2008 வரை ராஜஸ்தான், ஹரியானா, பஞ்சாப், டெல்லி ஆகியவற்றின் அடியிலிருந்து 109 கன கிலோமீட்டர் நீர் குறைந்துவிட்டது என்று 2009-இல் வெளியிட்டார்கள். அந்த ஆறு வருஷங்களில் மழை ஏறக்குறைய வழக்கம்போல்தான் பெய்தது என்பதையும் அவர்களே குறிப்பிட்டார்கள். மழை குறையாமலே இவ்வளவு நீர் போயிருக்கிறது.

சரி, பருவநிலை மாற்றம் இதில் எங்கே வருகிறது? மூன்று வழியாக வருகிறது. மழை பெய்கிற விதம், வெயில், நம்முடைய கை.

மழை பெய்கிற விதத்தை முதலில் பார்ப்போம். காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி கூடினால் அது சுமார் 7 சதவிகிதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யாமல் இருக்கும் நாட்கள் நீளும், பெய்தால் கொட்டித் தீர்க்கும். மத்திய இந்தியாவில் பரவலாகக் கொட்டும் பெருமழைகள் 1950-க்கும் 2015-க்கும் இடையில் மூன்று மடங்காகிவிட்டன என்று புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கண்டார்கள். கிணற்றுக்கு எந்த மழை நல்லது? இதற்கு ஊருக்கு ஊர் பதில் வேறு. தான்சானியாவில் மகுடபோரா என்ற வறண்ட இடத்தில் 55 வருஷக் கிணற்றுப் பதிவைப் பார்த்தார்கள். அங்கே எப்போதாவது கொட்டும் பெருமழைதான் கிணறுகளை நிரப்புகிறது. நம் வடமேற்கு இந்தியாவிலோ நிதானமாகப் பெய்கிற தூறல் மழைதான் நிலத்தடி நீரோடு நெருங்கிய தொடர்புடையது என்று 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. தென்னிந்தியாவில் கனமழைக்கு அந்தத் தொடர்பு இருக்கிறது. ஆகவே எந்த மண்ணில், எந்தப் பாறையில், எந்த வேகத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பார்மர் மாவட்டம். வருஷத்துக்கு 280 மில்லிமீட்டருக்கு மேல் மழையை எதிர்பார்க்காத ஊர். 2006 ஆகஸ்டில் மூன்றே நாளில் அதைப் போல் இரு மடங்கு கொட்டியது. கவாஸ் என்ற கிராமம் மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலைவனத்து ஜனங்களை ராணுவம் படகில் போய்க் காப்பாற்ற வேண்டியிருந்தது. இத்தனை தண்ணீரையும் மணல் குடித்துவிட்டிருக்க வேண்டும் அல்லவா? குடிக்கவில்லை. மழை நின்ற பிறகும் வெகு காலம் தண்ணீர் அங்கேயே தேங்கி நின்றது. காரணம், மணலுக்கு அடியில் ஜிப்சம் படிவு. அதைத் தாண்டி நீர் இறங்காது.

அதே ஜிப்சம் படிவைத்தான் அந்த ஊர் முன்னோர் உபயோகப்படுத்திக்கொண்டார்கள் என்பது ஆச்சரியமான விஷயம். பாலைவனத்து மக்கள் தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். வானத்திலிருந்து நேராக வந்து குளத்தில் சேர்வது 'பாலர் பானி'. ஆழத்தில் கிடக்கும் பெரும்பாலும் உப்பான நீர் 'பாதாள் பானி'. இரண்டுக்கும் நடுவே, மணலுக்குக் கீழும் ஜிப்சம் படிவுக்கு மேலும் ஈரமாகத் தங்குவது 'ரேஜாணி பானி'. மழை நிதானமாகப் பெய்து மணலில் ஊறினால், கீழே உள்ள உப்பு நீரோடு கலக்காதபடி இந்தப் படிவு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சேர்வதற்காக 'குயீ' என்ற குறுகலான கிணறுகளைத் தோண்டினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம் நீர்தான் கிடைக்கும். ஆனால் தித்திப்பான நீர். அனுபம் மிஸ்ர என்ற காந்தியவாதி 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்' என்ற தம் ஹிந்தி நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அவர் எழுதியதில் என் மனத்தில் தங்கியது வேறொரு செய்தி. குயீ ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அது இருக்கும் இடமோ ஊர்ப் பொது நிலம். புதிதாக ஒருவர் குயீ தோண்ட வேண்டுமானால் ஊர் சம்மதிக்க வேண்டும். ஏனென்றால் புதுக் குயீ புதுத் தண்ணீரைக் கொண்டுவராது. இருக்கிற ஈரத்தையே இன்னும் ஒரு பங்காகப் பிரிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கண்டுகொண்ட உண்மை இது. நம் சட்டமோ 1882-ஆம் ஆண்டின் வெள்ளைக்காரர் காலத்து அனுபோக உரிமைச் சட்டத்தை ஒட்டியே உருவானது. அதன்படி நிலம் யாருடையதோ, அவர் தம் எல்லைக்குள் அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளலாம். என் மனையில் நான் போர்வெல் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் நீரும் என் குழாய்க்கு வரும். தண்ணீருக்கு மதில் சுவர் தெரியாது.

இரண்டாவது வழி வெயில். 2016 மே 19 அன்று ஜோத்பூருக்கு அப்பால் பலோடியில் 51 டிகிரி பதிவானது. நம் நாட்டில் பதிவான உச்ச உஷ்ணம் அது. ஜெய்சல்மேரில் வருஷ மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. வெயிலும் காற்றும் ஆவியாக்கக்கூடிய அளவோ அதைப் போல் பல மடங்கு. பூமி இன்னும் சூடாகும்போது மண்ணின் மேல்பகுதியில் உள்ள ஈரம் கீழே இறங்குவதற்கு முன்பே பறந்துவிடுகிறது. மழை 10 மில்லிமீட்டர் கூடினாலும், காய்ந்த மண் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் மிச்சத்தைக் கீழே அனுப்பும். மிச்சம் இருந்தால்தானே!

மூன்றாவது வழிதான் பெரியது. வெயில் கூடினால் பயிருக்குத் தாகம் கூடும். விவசாயி மோட்டாரை இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டுவார். மழை தாமதித்தால் இன்னும் நான்கு மணி நேரம். நாட்டில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் சுமார் 87 சதவிகிதம் பாசனத்துக்குத்தான் போகிறது. 2023-இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. உஷ்ணம் கூடுவதற்கு ஏற்ப விவசாயிகள் அதிக நீர் இறைத்துக்கொண்டே போனால், 2041 முதல் 2080 வரையிலான காலத்தில் நிலத்தடி நீர் குறையும் வேகம் இப்போது உள்ளதைப் போல் மூன்று மடங்காகலாம் என்பது அதன் முடிவு. மழை சற்றுக் கூடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறார்கள்.

விவசாயியைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கம்பும் நரிப்பயறும் கொத்தவரையும் விளைந்த மேற்கு மாவட்டங்களில் இன்று சீரகமும் இசப்கோலும் மாதுளையும் விளைகின்றன. காசு வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். 2019 முதல் மத்திய அரசின் திட்டத்தில் சூரிய சக்தி பம்ப்செட்டுகளும் வந்துவிட்டன. டீசல் புகை இல்லை, மின்சாரக் கட்டணம் இல்லை. காற்று மண்டலத்துக்கு மிக நல்லது. ஆனால் வெயில் எரிகிற நேரமெல்லாம் செலவே இல்லாமல் நீர் இறைக்கலாம் என்றால் நிறுத்தத் தோன்றுமா? ஒரு வியாதிக்குக் கொடுத்த மருந்து இன்னொன்றை வளர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஆழமாகப் போனால் கிடைக்காதா என்று கேட்கிறவர்கள் உண்டு. 2024 டிசம்பர் கடைசியில் ஜெய்சல்மேர் மாவட்டம் மோகன்கட் அருகே ஒரு வயலில் போர்வெல் போடும்போது 800 அடிக்கும் கீழேயிருந்து தண்ணீர் பீறிட்டு அடித்தது. துளை போடும் இயந்திரமே பள்ளத்தில் புதைந்துபோனது. சரஸ்வதி நதி திரும்பி வந்துவிட்டாள் என்று வாட்ஸ்அப்பில் ஒரே பரவசம். பாறைக்கும் களிமண்ணுக்கும் அடியில் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்த மிகப் பழைய நீர் அது என்று நிலத்தடி நீர் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். சில நாட்களில் அடங்கிவிட்டது. மேற்கு ராஜஸ்தானின் ஆழமான நீர் பல இடங்களில் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் பெய்த மழை என்பது ஐசோடோப்பு ஆய்வுகளில் தெரிந்ததுதான். இது வட்டி தரும் வைப்பு நிதி இல்லை. பாட்டியின் நகை மாதிரி, விற்றால் விற்றதுதான்.

ஆழம் போகப் போக நீரின் குணமும் பல இடங்களில் கெடுகிறது. உப்பு ஏறுகிறது, ஃபுளோரைடு ஏறுகிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு போனால் முதலில் பற்களில் கறை, இன்னும் அதிகமாகி நாள்பட்டால் எலும்பும் மூட்டும் இறுகும். நாகௌர் பக்கத்துக் கிராமங்களில் முதுகு வளைந்த பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டளவில் சொன்னால், போர்வெல் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாமல் மாமிகள் குக்கரோடு போராடுகிறார்கள் அல்லவா? அது பருப்பின் தப்பு இல்லை. நீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தின் வேலை.

இதுவரை கேட்டதில் மனம் சோர்ந்திருக்கும். 2024-இல் 'நேச்சர்' இதழில் உலகம் முழுவதும் 1,70,000 கிணறுகளின் அளவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. வறண்ட, பாசனம் மிகுந்த பகுதிகளில்தான் நீர்மட்டம் வேகமாக இறங்குகிறது என்று கண்டார்கள். கூடவே, சில இடங்களில் இறக்கம் குறைந்தும், ஏறியும் இருக்கிறது என்றும் கண்டார்கள். அதாவது இது தலைவிதி இல்லை.

நம் அண்டையிலேயே பார்க்கலாம். ஆல்வார் மாவட்டத்தில் ராஜேந்திர சிங் அவர்களும் அவருடைய தருண் பாரத் சங்கமும் 1985 முதல் கிராமத்தாரோடு சேர்ந்து ஜோஹட் என்ற பழைய மண்தடுப்புக் குட்டைகளைப் புதுப்பித்தார்கள். அர்வரி என்ற சிற்றாறு மறுபடி ஓடியது. கரையோரக் கிராமங்கள் கூடி, யார் என்ன பயிரிடலாம், எவ்வளவு எடுக்கலாம் என்று தாங்களே விதி செய்துகொண்டன. குஜராத்தில் 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் வீட்டுக்கும் பம்ப்செட்டுக்கும் மின்கம்பியைத் தனித்தனியாகப் பிரித்து, பாசனத்துக்கு நாளைக்கு 8 மணி நேரம் நல்ல மின்சாரம் என்று வரையறுத்தார்கள். 2019-இல் தொடங்கிய அடல் பூஜல் திட்டத்தில் ராஜஸ்தான் உட்பட ஏழு மாநிலங்களில் கிராமத்தாரே தங்கள் நீர்க் கணக்கை எழுதப் பழகினார்கள். இவற்றிலெல்லாம் பொதுவாக ஒன்று உண்டு. நீரைச் சேர்ப்பதோடு நிறுத்தவில்லை, எடுப்பதற்கும் ஒரு கணக்கு வைத்தார்கள். சேர்ப்பது மட்டும் செய்து எடுப்பதைக் கூட்டினால், மேட்டில் உள்ளவர் குட்டை நிரம்பும், பள்ளத்தில் உள்ளவர் கிணறு காயும்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 87 சதவிகிதம் பாசனத்துக்கு என்றால் நகரத்தில் உள்ள நாம் என்ன செய்து என்ன என்று கேட்கலாம். நாட்டுக் கணக்கில் நம் பங்கு சிறிதுதான். ஆனால் நம் தெருவுக்கு அடியில் இருக்கிற நீரை எந்த விவசாயியும் எடுக்கவில்லை. நாம்தான் எடுக்கிறோம். 1982 ஆசிய விளையாட்டில் படகுப் போட்டி நடந்த ராம்கட் ஏரி வறண்டு போய், இன்று 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பீசல்பூர் அணை ஜெய்ப்பூருக்குத் தண்ணீர் தருகிறது. அந்த அணையும் ஒரு மழையை நம்பித்தான் இருக்கிறது. அது பொய்க்கிற வருஷத்துக்காகவே கீழே உள்ள நீரை நாம் பாதுகாக்க வேண்டும்.

நம் அங்கத்தினர்கள் வசிக்கும் குடியிருப்புகள் பலவற்றில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு தீர்மானம் வருகிறது. "இன்னும் 100 அடி இறக்குவோம், ஆளுக்கு இவ்வளவு போடுங்கள்" என்று. கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று காரியங்கள் செய்யுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று, அளந்து பாருங்கள். மே மாதம் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை உங்கள் போர்வெல்லில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று மிஸ்திரியை வைத்து அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வருஷ மழை கொடுத்தது. இந்த மே மாதத்துக்கும் அடுத்த மே மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் முதலில் கை வைத்தது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் எழுதி வைக்கிறோமே, அதோடு இதையும் எழுதலாம்.

இரண்டு, மொட்டை மாடியைக் கணக்கிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில், ஜெய்ப்பூரில் ஒரு வருஷத்துக்கு 550 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 55,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 44,000 லிட்டர். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் வீதம் வருஷத்துக்கு 7,300 லிட்டர் போதும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைத் தொட்டியில் பிடியுங்கள். மிச்சத்தை வடிகட்டி நிலத்துக்குள் விடுங்கள். மாடி நீரை மட்டுமே விட வேண்டும். தெருத் தண்ணீரையும் சாக்கடையையும் விட்டால், ஒரு தலைமுறைக்கு அந்த ஊற்று உதவாது.

மூன்று, குறைத்து எடுங்கள். மாடித் தொட்டி நிரம்பி வழிவதும், ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கொட்டுவதும், காரைக் குழாய் போட்டுக் கழுவுவதும் நாம் தினமும் பார்ப்பவை. ஆர்.ஓ. கழிவு நீரில் தரை துடைக்கலாம், பாத்திரம் அலசலாம். இவற்றையெல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்றால், அப்போது 100 அடியைப் பற்றிப் பேசலாம். அப்போதும் பக்கத்துக் குடியிருப்பைக் கலந்துகொண்டு பேசுங்கள். குயீ தோண்டியவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

ஸ்நானம், சந்தி, ஆசமனம், தர்ப்பணம் என்று எதைத் தொடங்கினாலும் கையில் ஜலம் எடுத்துத் தொடங்குகிறவர்கள் நாம். அந்த ஜலம் எங்கிருந்து வருகிறது, நம் பேரன் பேத்திகளுக்கும் வருமா என்று பார்ப்பதும் நம் கர்மாவில் சேர்ந்ததுதான்.